நடுராத்திரியில் பக்கத்து வீட்டுக் கதவு: பிறருக்காக விடாமல் ஜெபிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் மீன் விற்ற ஒரு ஆயா எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் யாராவது "ஆயா, எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்றால், பேரை மட்டும் கேட்டுக்கொள்வார். அப்புறம் முந்தானை ஓரத்தை இழுத்து ஒரு முடிச்சுப் போடுவார். புளியங்கொட்டை அளவுக்குச் சின்ன முடிச்சு. மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கூடையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்புவதற்கு முன், இருட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பேர் சொல்லி ஜெபிப்பார்.

"பொடவ மாத்துனா முடிச்சு போயிடுமே ஆயா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாத்துன பொடவைல மறுபடி போட வேண்டியதுதான். போடச் சொல்லவே பாதி ஜெபம் ஆயிடும் நைனா" என்றார்.

ஐந்து முடிச்சுக்கு மேல் போடமாட்டார். ஆறாவதாக யாராவது வந்தால், "இரு, ஒண்ண அவுத்துட்டுச் சொல்றேன்" என்பார். பிறருக்காக ஜெபிப்பதைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் நூற்றைத் தாண்டும். ஆனால் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டது அந்த முந்தானையில்தான்.

பெந்தெகொஸ்தே சபைகளில் இதை மன்றாட்டு ஜெபம் என்பார்கள், திறப்பில் நிற்பது என்பார்கள். ராயபுரம் பக்கத்துக் கத்தோலிக்கர்களைக் கேட்டால் மன்றாட்டு, நவநாள் என்பார்கள். திருப்பலியில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சேர்ந்து சொல்கிற அந்த இடமும் இதுதான். பேர் எதுவானாலும், இன்னொருவனுடைய தேவையைத் தன் தேவையாக எடுத்துக்கொண்டு கடவுளிடம் போய் நிற்பதுதான் விஷயம். இதைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களுக்காகவே எழுதுகிறேன். நானே மூன்று முறை விட்டவன்.

தொடங்குவதற்கு முன்: அந்த அப்பம் யாருக்கு?

விடாமல் ஜெபிப்பதற்கு எல்லாரும் எடுத்துச் சொல்லும் வேதபகுதிகள் இரண்டு. ஒன்று லூக்கா 18: அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நின்ற விதவை. "சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும்" என்பதற்காகவே இந்த உவமையைச் சொன்னார் என்று லூக்கா முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார். இன்னொன்று லூக்கா 11: நடுராத்திரியில் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்டவன்.

இந்த இரண்டாவது கதையை நான் பல வருடம் சரியாகவே வாசிக்கவில்லை. தட்டுகிறவனுக்குப் பசியில்லை. வெளியூரிலிருந்து ஒரு சிநேகிதன் நேரங்கெட்ட நேரத்தில் வந்துவிட்டான், அவன் முன்னே வைக்க வீட்டில் ஒன்றுமில்லை. பசி வேறு ஒருவனுடையது, தட்டுகிற கை இவனுடையது. அதாவது இயேசு ஜெபத்தில் விடாப்பிடியைச் சொல்லிக்கொடுக்க எடுத்துக்கொண்ட ஆள், பிறருக்காகக் கேட்கிற ஆள்.

'வருந்திக் கேட்கிறது' என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் இடத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு வெட்கமின்மை என்று பொருள். தனக்காகக் கேட்கும்போது நமக்குக் கூச்சம் வரும். பிள்ளையின் அட்மிஷனுக்காகப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மாவுக்கு அந்தக் கூச்சம் இருப்பதில்லை. அந்த வெட்கங்கெட்டத்தனம்தான் இங்கே வேண்டியது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடவுள் அந்தக் கல்நெஞ்ச நியாயாதிபதி மாதிரி, நச்சரித்தால்தான் மசிவார் என்று அர்த்தமில்லை. அப்படிப்பட்டவனே கடைசியில் நியாயம் செய்தால், உங்கள் பிதா செய்யமாட்டாரா என்பதுதான் இயேசு கேட்கிற கேள்வி. தட்டுவது உள்ளே இருப்பவரை எழுப்புவதற்காக என்பதைவிட, நாம் வாசலை விட்டுப் போய்விடாமல் இருப்பதற்காக என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

படி 1: பேர்களைக் குறையுங்கள்

எல்லாச் சபைக்கும் இப்போது ஒரு வாட்ஸ்அப் ஜெபக் குழு இருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் நாற்பது ஜெபக் குறிப்புகள். கிட்னி, விசா, வீட்டு வாடகை, கண் ஆபரேஷன், பரீட்சை. கீழே வரிசையாகக் கைகூப்பும் படம். நானும் கைகூப்பியிருக்கிறேன், ஒரு வார்த்தை ஜெபிக்காமல். அது பொய் என்று உறைக்கவே கொஞ்ச நாள் ஆனது. இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: படத்தைப் போடுவதற்கு முன், நின்ற இடத்திலேயே அந்தப் பேரைச் சொல்லி ஒரு வரி ஜெபித்துவிடுவது. முடியாவிட்டால் படத்தையும் போடுவதில்லை.

நாள்தோறும் சுமக்கும் பேர்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். எப்படித் தேர்ந்தெடுப்பது? சில பேர்கள் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். வேலை நடுவில் ஞாபகத்துக்கு வருவார்கள், ராத்திரி புரண்டு படுக்கும்போது வருவார்கள். சபைகளில் இதைத்தான் 'பாரம்' என்கிறோம். அப்படி வருகிறவர்களை முதலில் எழுதுங்கள். மீதி இடத்துக்கு என் யோசனை: வீட்டுக்குள் ஒருவர், தெருவில் ஒருவர், உங்களோடு முகங்கொடுத்துப் பேசாத ஒருவர்.

அந்தக் கடைசி ஆள் முக்கியம். சாமுவேலை ஒதுக்கிவிட்டு எங்களுக்கு ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்களிடம்தான் அவர் சொல்கிறார்: உங்களுக்காக விண்ணப்பம் செய்யாதிருந்தால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவனாயிருப்பேன் என்று (1 சாமுவேல் 12:23). யோபுவின் கதையும் அப்படியே. தன்னைக் குற்றஞ்சாட்டிப் பக்கம் பக்கமாகப் பேசிய சிநேகிதர்களுக்காக அவர் வேண்டுதல் செய்தபோதுதான் அவருடைய சிறையிருப்பு, அதாவது அவர் பட்ட துன்பம், மாறுகிறது.

என் ஐந்தில் முதல் பேர் என் தம்பி. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் ட்ரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்று நின்று பழகிய குடி, வரிசையில் நிற்காத நாட்களிலும் தொடர்ந்தது. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படி 2: என்ன கேட்கட்டும் என்று அவரிடமே கேளுங்கள்

எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு வேலை போய்விட்டது. ஆறேழு மாதம் அவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று கருத்தாக ஜெபித்தேன். ஒருநாள் டீக்கடையில், "உங்களுக்காக ஜெபிக்கிறேன்ணே, குறிப்பா எதுக்கு ஜெபிக்கட்டும்?" என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு ரெண்டு வருஷமா பேச மாட்டேங்குறாப்பா. அதுக்குப் பண்ணு." வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறு மாதமாக நான் தட்டியது வேறு வீட்டுக் கதவை.

அவர் கிறிஸ்தவர் இல்லை. வட சென்னையில் ஒரே மாடிப்படியில் மேலே மாதா படம், கீழே முருகன் படம், எதிர் வீட்டில் பிறைச் சின்னம் என்று வாழ்கிறவர்கள் நாம். ஜெபிக்கிறேன் என்று சொன்னால் இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ஜெபத்தைச் சாக்காக வைத்துப் பிரசங்கம் தொடங்கினால் அடுத்த முறை எதிரே வரும்போது தெரு மாறிப் போவார்கள். கேளுங்கள், கேட்டதோடு நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு வியாதி உண்டு, அதற்கு ஜெபக் குறிப்பு என்று பேர். "அவங்க வீட்டுல கொஞ்சம் பிரச்சனை, ஜெபிச்சுக்கோங்க, விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்து, ஊரறியக் கூடாத எல்லாமும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். தனியாகச் சொன்னதைக் குழுவில் போடாதீர்கள். கட்டாயம் சொல்ல வேண்டுமானால், "ஒரு குடும்பத்துக்காக" என்றால் போதும். ஆண்டவருக்கு முகவரி தெரியும்.

படி 3: நேரமும் இடமும்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறது மத்தேயு 6. பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் படுக்கும் இடத்தில் அறைவீட்டுக்கு எங்கே போவது? எங்களில் பலருக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான் அறைவீடு. ஒரு அக்கா தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டுவிட்டு அந்த நேரத்தில் ஜெபிப்பார். எனக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பல வருடம் அறைவீடாக இருந்தது. கூட்ஸ் வண்டி போகும்வரை வண்டியை அணைத்துவிட்டு ஐந்து பேரையும் சொல்லி முடித்துவிடலாம்; நீளமான கூட்ஸ் என்றால் இரண்டு சுற்று.

புதிதாக நேரம் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், கிடைக்காது. ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஏதோ ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். அரிசி களைவது, ஷேவ் பண்ணுவது, கடற்கரை ரயிலில் ஜன்னலோரம். ஆயாவுக்குக் கூடை எடுப்பது. தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுத்தவர்கள் இரண்டாவது வாரம் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நான்.

தனி ஆளால் முடியாததைப் பங்குபோட்டால் முடியும். 1727-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் 24 ஆண்களும் 24 பெண்களுமாக, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று நாள் முழுவதையும் பங்கிட்டுக்கொண்டு தொடங்கிய ஜெபச் சங்கிலி நூறு வருடத்துக்கு மேல் அறுபடாமல் ஓடியது. ஒருவரும் வீரதீரமாக எதுவும் செய்யவில்லை. அவரவர் ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

காசிமேட்டுக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகு கரையில், வலை மடியில், கையில் காசில்லை, நேரம் உண்டு. எங்கள் சபையில் ஒரு குடும்பம் அந்த 61 நாளையும் ஒரே ஒரு பேருக்காக ஒதுக்கிவைக்கும். முடிவு தேதி கண்ணில் தெரிவதால் சோர்வு குறைகிறது என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

படி 4: என்ன சொல்வது

பேரைச் சொல்லிவிட்டு, "ஆண்டவரே, ஆசீர்வதியும்" என்றால் முப்பது விநாடியில் முடிந்துவிடும். அடுத்து என்ன சொல்ல என்று தெரியாமல் மனது மின்சார பில்லுக்குப் போய்விடும். இதற்கு நல்ல மருந்து பவுலின் ஜெபங்கள். எபேசியர் 1:16-19, எபேசியர் 3:14-19, பிலிப்பியர் 1:9-11, கொலோசெயர் 1:9-12. இந்த நான்கையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, 'உங்கள்' என்று வரும் இடத்தில் அந்தப் பேரைப் போட்டு வாசியுங்கள். பவுல் யாருக்கும் பதவி உயர்வு கேட்கவில்லை என்பதைக் கவனிப்பீர்கள். அன்பு பெருக வேண்டும், மனக்கண்கள் தெளிய வேண்டும், உள்ளான மனுஷனில் பலப்பட வேண்டும் என்று கேட்கிறார். நாம் கேட்காமல் விட்டுவிடுவதும் இவற்றைத்தான்.

திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கலாமா? "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்றிருக்கிறதே என்று பலர் தயங்குகிறார்கள். அங்கே தடுக்கப்பட்டது அலப்புவது. திரும்பக் கேட்பது இல்லை. கெத்செமனேயில் இயேசுவே மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். வார்த்தையே வராத நாளும் உண்டு. அன்றைக்குப் பேரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சு என்று ரோமர் 8 சொல்வது அந்த நாட்களுக்காகவே.

பேரம் பேசலாமா? பேசலாம். ஆதியாகமம் 18-ஐ ஒருமுறை காசிமேட்டு மீன் ஏலத்தை மனதில் வைத்து வாசித்துப் பாருங்கள். ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகும். இங்கே, சோதோம் ஊரை அழிக்காமல் விட எத்தனை நீதிமான்கள் இருந்தால் போதும் என்று ஆபிரகாம் இறக்கிக்கொண்டே வருகிறார்: ஐம்பது நீதிமான்கள், நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து. ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே கேட்கிறார். கடவுள் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. பத்தில் நிறுத்தியது ஆபிரகாம்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பத்து பேரும் இல்லை, சோதோம் அழிந்தது. அப்படியானால் ஜெபம் தோற்றதா? அடுத்த அதிகாரத்தில் ஒரு வசனம் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது: தேவன் ஆபிரகாமை நினைத்து, லோத்தை அழிவின் நடுவிலிருந்து தப்பவிட்டார் (19:29). ஆறு தடவை கேட்டதில், சோதோமில் குடியிருந்த தன் சகோதரன் மகன் லோத்தின் பேரை ஆபிரகாம் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதில் இருந்த பேர் கேட்கப்பட்டது. என் நோட்டில் சில பக்கங்களுக்கு இந்த வசனத்தைத் தவிர எனக்கு வேறு விளக்கம் இல்லை.

படி 5: நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும், தோல் அட்டை போட்ட ஜெபக் குறிப்பேடெல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பேர், தொடங்கிய தேதி. கீழே, மாற்றம் ஏதாவது தெரிந்தால் ஒரு வரி. 'கிடைத்தது', 'கிடைக்கவில்லை' என்று கட்டம் போடாதீர்கள். கடவுளுக்கு மார்க் போடுகிற நோட்டாக அது மாறிவிடும்.

சின்ன மாற்றத்தை எழுதப் பழகுவதுதான் இதில் கஷ்டம். கர்மேல் மலையில் எலியா மழைக்காக முகத்தை முழங்கால்களில் வைத்துக் குனிந்துகொண்டு, ஊழியக்காரனைச் சமுத்திரமுகமாய்ப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஒன்றுமில்லை என்று வந்தான். ஏழு தரம் அனுப்பினார். ஏழாந்தரம் உள்ளங்கை அளவு மேகம். நாம் ஆறு தடவையும் ஜெபிக்கிறோம், ஏழாவது தடவை போய்ப் பார்ப்பதில்லை. மழை கொட்டும்போதுதான் பார்க்கிறோம்.

என் தம்பியின் பக்கத்தில் முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு வரிதான் இருக்கிறது: "அம்மாவுக்கு போன் பண்ணினான்." அன்றைக்கு அதை எழுதியபோது, இதெல்லாம் ஒரு மாற்றமா என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

படி 6: கை வலிக்கும், ஆள் தேடுங்கள்

அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கை தாழ்ந்தால் தோல்வி. மோசே எவ்வளவு பெரிய ஆள், ஆனாலும் கை வலித்தது. ஒரு கல்லைப் போட்டு உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கினார்கள் (யாத்திராகமம் 17). உங்களுக்கும் இரண்டு பேர் வேண்டும். சபையிலேயே நன்றாக ஜெபிக்கிறவர் என்று பேரெடுத்தவர் வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை, "நீ ஜெபிச்சியா?" என்று கேட்கிறவர், இல்லை என்றால் திட்டாதவர், அவ்வளவுதான்.

எங்கள் மூன்று பேருக்கு வியாழன் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு போன். பத்து நிமிடம். அதில் ஏழு நிமிடம் அரட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். மீதி மூன்று நிமிடம் ஐந்து வருடமாக நிற்கவில்லை.

உபவாசம் இருக்கலாம். பல சபைகளில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வழக்கத்தில் இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். அவர்கள் ஒருநாள் சீரியலை விடலாம், போனை விடலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தை ஜெபத்துக்குக் கொடுத்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஜெபிக்கிற ஆளுக்கே கொடுப்பது எனக்குப் பிடித்த முறை. முழு இரவு ஜெபத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: ஒலிபெருக்கியைக் குறையுங்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவன் பக்கத்துச் சுவரில் படுத்திருக்கிறான். அவனுக்காகவும்தானே ஜெபிக்கிறோம்?

படி 7: எழுந்து போங்கள்

திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தைத் தாண்ட முடியாமல் வீட்டுக் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்கிறது மாற்கு 2. விசுவாசம் கண்ணுக்குத் தெரிந்தது. தோள் வலியும் கூரை மண்ணுமாகத் தெரிந்தது. பசித்தவனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, பசியாறு என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபும் கேட்கிறார்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தின்போது அந்த இடத்தில் கஞ்சி ஊற்றும் சத்திரம் தொடங்கியதால் வந்த பேர். அங்கே உள்ளே படுத்திருக்கும் நோயாளியைவிட, வெளியே தரையில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் கூடவந்தவருக்குத்தான் பல நேரம் ஆள் தேவை. ஜெபித்துவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பிளாஸ்க் கஞ்சி, போன் சார்ஜர், கொசுவத்தி. "நான் ரெண்டு மணி நேரம் இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். நோயாளியிடம், ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் தயவு தாட்சண்யம் இல்லாமல் தடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் வந்து படிந்தபோது, நாங்களும் முதலில் ஜெபக்கூட்டம்தான் போட்டோம். இரண்டாவது நாள் ஆயா சொன்னார்: "முட்டி போட்டது போதும், எண்ண தொடைக்கத் துணி எவ்ளோ கீது?" பழைய துணி மூட்டை கட்டிக்கொண்டு போய், படகுகளைத் துடைத்துக்கொண்டிருந்த வீடுகளில் கொடுத்தோம். அன்றைக்குக் கையில் ஏறிய வாடை ஒரு வாரம் போகவில்லை. அந்த ஊர்களுக்காக நான் இன்றைக்கும் ஜெபிக்கிறேன் என்றால் அந்த வாடை ஒரு காரணம்.

படி 8: பதில் வராதபோது

ஐந்து பேரில் ஒருவருக்காகவாவது நீங்கள் கேட்டது நடக்காது. எங்கள் சபையில் ஒரு சின்னப் பையனுக்காக நாங்கள் எல்லாரும் எட்டு மாதம் ஜெபித்தோம். இறந்துபோனான். அடக்க ஆராதனைக்கு வந்த ஒருவர் அந்த அம்மாவிடம், விசுவாசம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தார். அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பவுல் தன் மாம்சத்தில் இருந்த 'முள்' என்று சொன்ன துன்பம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. அந்த அம்மாவிடம் மட்டும் எப்படிச் சொல்ல வாய் வருகிறது? நோட்டில் பையன் பேருக்குக் கீழே அம்மா பேரை எழுதினேன். தேதி மாறியது, பக்கம் மாறவில்லை.

புனித அகுஸ்தீனின் அம்மா மோனிக்கா, வழிதவறிய மகனுக்காகப் பல வருடம் ஜெபித்தவள். அவள் கதையில் எனக்குப் பிடித்தது கடைசி அத்தியாயத்தைவிட நடுவில் வரும் ஒரு ராத்திரி. மகன் அகுஸ்தீன் ரோமுக்குக் கப்பலேறக் கூடாது என்று கார்த்தேஜ் துறைமுகத்தருகே ஒரு சிறு ஆலயத்தில் இரவெல்லாம் அழுது ஜெபித்தாள். அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு அவன் அந்த ராத்திரியே கப்பலேறிவிட்டான். விடிந்து பார்த்தால் கரையில் யாருமில்லை. ஜெபத்துக்கு நேர் எதிரான பதில். ஆனால் அந்தக் கப்பல் கொண்டுபோன இத்தாலியில்தான் அவன் மிலான் ஆயர் ஆம்புரோஸைச் சந்தித்தான்; 387 ஈஸ்டரில் மிலானில் ஞானஸ்நானம் பெற்றான். அவள் அந்த ராத்திரி கேட்டதைக் கொடுக்காமல், அவள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுத்தீர் என்ற பொருளில் அகுஸ்தீனே பின்னாளில் கடவுளிடம் சொல்கிறார். மகனுடைய ஞானஸ்நானத்தைப் பார்த்த அதே வருடம் அவள் இறந்துபோனாள்.

ஒரு பேரை எப்போது விடலாம்? ஆயாவிடம் கேட்டேன். "அவுக்குறது நான் இல்ல. அந்த ஆளு வந்து சொல்லணும், இல்ல ஆண்டவரு சொல்லணும். எனக்குக் கை வலிக்குதுன்னு அவுத்தேன்னா அது சோம்பேறித்தனம்" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

படி 9: கதவைத் திறந்து வையுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கடைசியாக வைத்திருக்கிறேன். அப்போஸ்தலர் 12-ல் பேதுரு சிறையில். சபையார் ஊக்கத்தோடு ஜெபிக்கிறார்கள். தேவதூதன் வந்து பேதுருவை வெளியே விடுகிறான், அவர் நேரே ஜெபவீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷத்தில் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். பேதுரு வந்திருக்கிறார் என்றால், பிதற்றுகிறாய் என்கிறார்கள். யாருக்காக ஜெபித்தார்களோ அந்த ஆள் தெருவில் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். பிரசங்கத்தில் இதைக் கேட்டு எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்தவன்தான்.

ஆறாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திக் கண்ணயர்ந்த நேரம். யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பையன் என்று விட்டுவிட்டேன். மறுபடி தட்டினார்கள். எரிச்சலோடு எழுந்து திறந்தால் தம்பி. மெலிந்திருந்தான், சட்டை துவைத்திருந்தது. காலையில்தான் அவன் பேரைச் சொல்லி ஜெபித்திருந்தேன். வாயில் வந்த முதல் வார்த்தை, "எவ்ளோ வேணும்?"

அவன் ஒரு விநாடி பேசவில்லை. அப்புறம், "காசுக்கு வரலண்ணா. சாப்பாடு இருக்கா?" என்றான்.

நான் வாசலை மறைத்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். உள்ளே என் மனைவி அதற்குள் தட்டை எடுத்துவிட்டாள், அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. அவன் இன்னும் முழுதாக விட்டுவிடவில்லை. நடுவில் இரண்டு முறை விழுந்தான், அவன் பேர் முதல் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அன்றைய வரி மட்டும் கொஞ்சம் கோணலாக எழுதியிருக்கிறேன்: "ஞாயிறு. வந்தான். மத்தி மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கினான்."